பெயர்களுக்கும் பருவம் உண்டு: குழந்தைப் பெயர்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நெல்லைச் சீமையில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் 1987 முதல் 2019 வரை ஆசிரியையாக இருந்தேன். ஒவ்வொரு ஜூனிலும் ஆறாம் வகுப்பு வருகைப் பதிவேட்டில் புதுப் பெயர்களை என் கையால் எழுதுவேன். முப்பத்திரண்டு வருடம் எழுதியதில், எந்தப் பெயர் வருகிறது, எந்தப் பெயர் போகிறது என்பது கைக்கே பழகிவிட்டது. என்னிடம் படித்த பிள்ளைகள் இப்போது தங்கள் குழந்தைகளுக்குப் பெயர் தேடும்போது எனக்குப் போன் செய்கிறார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பதையும் நான் சொல்வதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

டீச்சர், பெயரை வைத்து ஒருத்தர் வயதைச் சொல்லிவிட முடியுமா?

ஓரளவு முடியும். முருகனையே எடுத்துக்கொள்ளுங்கள். தாத்தா ஆறுமுகம். அப்பா முருகேசன். மகன் செந்தில்குமார். பேரன் கார்த்திக். இப்போது தொட்டிலில் கிடப்பவன் விசாகன். ஐந்து தலைமுறையும் கும்பிடுவது ஒரே சாமியைத்தான். பக்தியில் குறையே இல்லை. ஆனாலும் இன்று பிறந்த குழந்தைக்கு ஆறுமுகம் என்று வைத்தால் பார்க்க வந்தவர்கள் ஒரு நிமிடம் பேசாமல் நிற்பார்கள்.

பெண்களுக்கும் அப்படித்தான். மாடத்தி, பேச்சியம்மாள், குப்பம்மாள் ஒரு காலம். சரோஜா, சாந்தி, வசந்தா, செல்வி, சுமதி அடுத்த காலம். அப்புறம் பிரியா, திவ்யா, ரம்யா, சரண்யா. அதற்குப் பின் ஹரிணி, தர்ஷினி. இப்போது யாழினி, மகிழினி. கடைசி எழுத்தைக் கவனியுங்கள். ‘அம்மாள்’ போய் ‘ஆ’வும் ‘இ’யும் வந்தன, அவை போய் ‘யா’ வந்தது, இப்போது எங்கு பார்த்தாலும் ‘னி’. பெற்றோர் பெயரைத் தேடுவதாக நினைக்கிறார்கள். பல சமயம் அவர்கள் காது ஓர் ஓசையைத் தேடுகிறது. அந்த ஓசையில் முடியும் பெயர் கிடைத்ததும் மனம் நிறைந்துவிடுகிறது.

அந்தக் காலத்தில் பெயரை யார் தேர்ந்தெடுத்தார்கள்?

யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. அது முதலிலேயே முடிவாகியிருந்தது. பேரன் என்ற சொல் ‘பெயரன்’ என்பதிலிருந்து வந்தது. தாத்தாவின் பெயரைத் தாங்குகிறவன் பெயரன், பாட்டியின் பெயரைத் தாங்குகிறவள் பெயர்த்தி. உறவுக்கான சொல்லிலேயே பெயர் வைக்கும் முறை அடங்கியிருக்கிறது. மூத்தவனுக்கு அப்பாவின் அப்பா பெயர், அடுத்தவனுக்கு அம்மாவின் அப்பா பெயர் என்பதுதான் பெரும்பாலும் வழக்கம். ஒரே தாத்தா பெயரை நாலு பேரன்களுக்கு வைத்துவிட்டு, பெரிய முத்து, சின்ன முத்து, கருத்த முத்து, செவத்த முத்து என்று பிரித்துக் கூப்பிட்ட வீடுகள் எங்கள் தெருவிலேயே இருந்தன. ‘பேர் சொல்ல ஒரு பிள்ளை’ என்று சொன்னது நிஜமாகவே பெயரைச் சொல்வதைத்தான்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. மருமகள் மாமனார் மாமியார் பெயரை வாயால் சொல்லக் கூடாது. என் பெயர் கோமதி. அது அப்பாவைப் பெற்ற ஆச்சியின் பெயர். அதனால் என் அம்மா சாகும்வரை என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. ‘தாயி’ என்றுதான் கூப்பிடுவாள். பள்ளியில் சேர்க்கப் போனபோது தலைமை ஆசிரியர் பெயர் கேட்டதற்கு, பக்கத்தில் நின்ற என் அண்ணனைப் பார்த்து “நீ சொல்லுடா” என்றாளாம். ராசா, அப்பு, பாப்பா, தம்பி, குட்டி என்று வீட்டுக்கு வீடு செல்லப் பெயர் பெருகியதற்கு இந்தத் தடை ஒரு பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

பெயரைக் கேட்டாலே ஊரைச் சொல்லிவிடுவார்கள் என்கிறார்களே?

சொல்லிவிடலாம். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது. நெல்லையப்பன், காந்திமதி என்றால் திருநெல்வேலி. கோமதி, சங்கரநாராயணன் என்றால் சங்கரன்கோவில். சொக்கலிங்கம், மீனாட்சி மதுரை. ஏகாம்பரம், காமாட்சி காஞ்சிபுரம். தையல்நாயகி என்றால் வைத்தீஸ்வரன் கோவில் பக்கம். தியாகராஜன் திருவாரூர், கபாலி மயிலாப்பூர், அகிலாண்டம் திருவானைக்காவல். இசக்கி, சுடலைமுத்து என்று கேட்டால் தாமிரபரணிக்குத் தெற்கும் வடக்கும் சுற்றித்தான் வீடு இருக்கும். நாகூர் மீரான் என்றால் பெயருக்குள்ளேயே ஊர் இருக்கிறது. சாகுல் ஹமீது என்பது நாகூர் ஆண்டவரின் பெயர். ஆரோக்கியம் என்றால் வேளாங்கண்ணி மாதாவுக்கு வேண்டிக்கொண்ட வீடு.

வீட்டு முகவரி போல இருந்தன அந்தப் பெயர்கள். இன்றைக்கு ஆத்விக் என்ற பெயரைக் கேட்டால் கோயம்புத்தூரா, கான்பூரா என்று சொல்ல முடியாது. பெற்றோரில் பலர் விரும்புவதும் அதுதான். நாளைக்குப் பிள்ளை எங்கே போய் வேலை பார்த்தாலும் ஒட்டிக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறார்கள். அந்த நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் பதிவேட்டில் கடைசி இசக்கியை எழுதிய வருடம் எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

பிச்சை, குப்பன், மூக்கன் என்றெல்லாம் பெற்ற பிள்ளைக்கே ஏன் வைத்தார்கள்?

பாசத்தால் வைத்தார்கள். பிறந்த குழந்தைகள் அடுத்தடுத்து இறந்த வீட்டில், அடுத்த குழந்தையைக் குப்பைமேட்டில் கிடத்தி, வேறொருவர் எடுத்துக் கொடுக்க, தவிடோ காசோ கொடுத்து ‘வாங்கி’ வருவார்கள். இது எங்கள் பிள்ளை இல்லை, யாரோ போட்டுவிட்டுப் போனது என்று எமனை நம்பவைக்க வேண்டும். அந்தக் குழந்தைதான் குப்பன், குப்புசாமி, குப்பம்மாள், தவிட்டுராஜ். மடிப்பிச்சை கேட்டுப் பெற்றவன் பிச்சை. கண்ணேறு படாமல் இருக்க மூக்குக் குத்தியவன் மூக்கன், மூக்கையா. அம்மை போட்டும் பேதி கண்டும் குழந்தைகள் சாவது குறைந்த பிறகு இந்தப் பெயர்களும் குறைந்தன. ஒவ்வொரு குப்புசாமிக்கு முன்னாலும் பிழைக்காத ஒரு குழந்தை இருந்திருக்கலாம். அந்தப் பெயரைக் கேட்டுச் சிரிக்கும் பிள்ளைகளிடம் வகுப்பில் இதைச் சொல்லியிருக்கிறேன். அதன் பிறகு அவர்கள் சிரித்ததில்லை.

போதும்பொண்ணு, வேண்டாம் போன்றவை வேறு கதை. பெண் போதும், அடுத்தது ஆணாக வேண்டும் என்று வைத்தவை அவை. திருத்தணி பக்கத்துக் கிராமங்களில் ‘வேண்டாம்’ என்ற பெயரோடே பெண்கள் படித்து வேலைக்கும் போயிருக்கிறார்கள். பிறந்த நாள் முதல் தன்னை வேண்டாம் என்று கூப்பிடக் கேட்டு வளர்வது என்ன மாதிரி இருக்கும் என்பதை நினைக்கவே கஷ்டமாக இருக்கிறது. இது ஒழிய வேண்டிய வழக்கம்.

சாதிக் கொடுமையும் பெயர்களில் உண்டு. நான்காம் வருணத்தாருக்கு இழிவு தோன்றும் பெயர் வைக்க வேண்டும் என்று மனு ஸ்மிருதி சொல்கிறது. கருப்பசாமி என்று வைத்தாலும் ‘கருப்பா’ என்றே கூப்பிட்ட பண்ணையார்கள் இருந்தார்கள். அப்படிக் கூப்பிடப்பட்டவர்கள் தங்கள் பிள்ளைக்கு ராஜா, ராணி, சுரேஷ் என்று வைத்ததை வெறும் மோகம் என்று தள்ளிவிடக் கூடாது.

அரசியலும் இயக்கங்களும் எவ்வளவு மாற்றின?

நிறையவே. 1916-ல் தொடங்கிய தனித்தமிழ் இயக்கம் பெயரைத்தான் முதலில் தொட்டது. வேதாசலம் மறைமலை அடிகள் ஆனார். பின்னால் திராவிட இயக்கத்தில் நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார், ராமையா அன்பழகன் ஆனார். தலைவர்கள் மாற்றிக்கொண்டதைப் பார்த்துத் தொண்டர்கள் பிள்ளைகளுக்கு வைத்தார்கள். இளங்கோவன், செங்குட்டுவன், தமிழ்ச்செல்வி, பூங்கொடி, கயல்விழி, மணிமேகலை எல்லாம் அந்த அலையில் வந்தவை. கூட்டத்துக்கு வந்த தலைவரிடம் மேடையிலேயே குழந்தையைக் கொடுத்துப் பெயர் வைக்கச் சொல்வது சர்வசாதாரணம்.

உலகச் செய்தியும் தொட்டிலுக்கு வந்தது. கருணாநிதிக்கு 1953 மார்ச் 1 அன்று மகன் பிறந்தார். நாலு நாளில் சோவியத் தலைவர் ஸ்டாலின் இறந்தார். அந்தப் பெயரே குழந்தைக்கு வந்தது. லெனின், நேரு, சுபாஷ் சந்திர போஸ், பகத்சிங், காமராஜ் என்று என் பதிவேட்டில் வராத தலைவர் இல்லை.

இன்னொன்று, பலர் யோசித்துப் பார்க்காதது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விட்டுவிடச் சொன்னது. தமிழ்நாட்டில் அது பெரிய அளவில் நடந்தும் விட்டது. பட்டம் போனது, குடும்பப் பெயர் என்று நமக்கு ஒன்று கிடையாது, மிஞ்சியது அப்பாவின் முதலெழுத்தும் இட்ட பெயரும்தான். ஆகவே சாமி, மொழி, கட்சி, ஊர், அந்தஸ்து என்று எதைக் காட்டுவதானாலும் அந்த ஒரே பெயரில்தான் காட்டியாக வேண்டும். நம் ஊரில் பெயருக்காக வீட்டுக்குள் இவ்வளவு சண்டை நடப்பது அதனால்தான் என்பது என் எண்ணம்.

சினிமா?

உண்டு. ஆனால் சொல்கிற அளவுக்கு இல்லை. பல பெயர்கள் ஏற்கெனவே ஏறிக்கொண்டிருக்கும்போது ஒரு நடிகையோ கதாபாத்திரமோ வந்து தூக்கிவிடுகிறது. 1994-ல் ஐஸ்வர்யா ராய் உலக அழகி ஆனார். 2006 ஜூனில் என் ஆறாம் வகுப்பில் நான்கு ஐஸ்வர்யா இருந்தார்கள். இனிஷியலைச் சேர்த்துத்தான் கூப்பிட வேண்டியிருந்தது. தொடர்கதைகளும் இதைச் செய்தன. கல்கியின் பொன்னியின் செல்வன் 1950 முதல் 1954 வரை தொடராக வந்தபின் வானதி, பூங்குழலி, நந்தினி எல்லாம் வாசிக்கிற குடும்பங்களுக்குள் நுழைந்தன.

ரமேஷ், சுரேஷ் எப்படி வந்தது, எப்படிப் போனது?

ஒரு பெயர் எப்படி ஏறி எப்படி இறங்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

கணேசன், வெங்கடேசன், நடேசன், மகேசன் நம்மிடம் முன்பே இருந்தார்கள். ‘ஈசன்’ என்பது அவற்றின் வால். நகரத்தில் படித்த குடும்பங்கள் அந்த ‘அன்’ விகுதியை வெட்டி, வடக்கத்திய உச்சரிப்பில் கணேஷ், வெங்கடேஷ், மகேஷ் என்றார்கள். கூடவே சுரேஷ், ரமேஷ், ராஜேஷ், தினேஷ், சதீஷ் வந்தன. கேட்க நறுக்கென்று இருந்தது, ஆபீஸ் வேலைக்காரர் பெயர் மாதிரி இருந்தது. 1987-ல் என் வகுப்பில் மாரியப்பன், சுடலைமுத்து, இசக்கிப்பாண்டி நடுவில் இரண்டே இரண்டு சுரேஷ். ஒருவன் தாசில்தார் ஆபீஸ் கிளார்க் மகன், இன்னொருவன் போஸ்ட்மாஸ்டர் மகன். ஏழெட்டு வருடத்தில் அது தலைகீழாகிவிட்டது. பீடி சுற்றுகிற வீட்டிலும் வயல் வேலைக்குப் போகிற வீட்டிலும் சுரேஷ், ரமேஷ், ராஜேஷ். கூடவே ‘குமார்’ ஒட்டியவை: சுரேஷ்குமார், ரமேஷ்குமார்.

எல்லோரிடமும் வந்த பிறகு, முதலில் வைத்த குடும்பங்கள் நகர்ந்துவிட்டன. கிளார்க் வீட்டில் அடுத்துப் பிறந்தது அருண். அருண் ஊருக்குள் வந்து சேர்ந்தபோது அவர்கள் ஆதித்யாவுக்குப் போயிருந்தார்கள். யாரையும் விட்டு ஓட வேண்டும் என்று யாரும் திட்டம் போடுவதில்லை. “அந்தப் பேர் தெருவுக்கு நாலு இருக்கே” என்று அம்மாக்கள் சொல்வார்கள், அவ்வளவுதான். தாத்தா பெயரை வைத்த காலத்தில் தெருவுக்கு நாலு முருகன் இருந்தது யாருக்கும் குறையாகத் தெரியவில்லை. பெயர் நாமே பொறுக்கி எடுக்கிற பொருள் என்று ஆன பிறகுதான், பக்கத்து வீட்டில் அதே பெயர் இருப்பது உறுத்த ஆரம்பித்தது. பெயருக்கு ஆயுளும் அன்றிலிருந்து குறைந்தது.

ஜோசியர் எழுத்துக் கொடுத்திருக்கிறார். நல்ல தமிழ்ப் பெயரே சிக்கவில்லை. ஏன்?

உங்கள் மேல் தப்பில்லை. அந்த எழுத்துப் பட்டியலே தமிழை வைத்து அமைக்கப்படவில்லை. ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் பாதத்துக்கு ஒன்றாக நாலு எழுத்து. பரணிக்கு லி, லு, லே, லோ. பூசத்துக்கு ஹு, ஹே, ஹோ, டா. ஆயில்யத்துக்கு டி, டு, டே, டோ. தமிழ்ச் சொல் ட, ர, ல என்ற எழுத்துகளில் தொடங்காது. தொல்காப்பியம் காலத்திலிருந்து அதுதான் இலக்கணம். இராமன், இலக்குவன் என்று முன்னால் ‘இ’ போட்டு எழுதுவது அதனால்தான். ‘ஹ’ தமிழ் எழுத்தே இல்லை. பிறகு எப்படித் தமிழ்ப் பெயர் கிடைக்கும்? பரணியில் பிறந்தவன் லோகேஷ், லோகநாதன் என்றுதான் ஆவான். ஆயில்யக்காரர்கள் ஆங்கிலத்தில் எழுதும்போது ‘D’ வந்தால் போதும் என்று தினேஷ், தீபிகா என்று சமாளிக்கிறார்கள்.

நட்சத்திர நாமத்தைக் காதில் ஓதிவிட்டு, கூப்பிடுவதற்கு விருப்பமான பெயர் வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர்கள் பலர் இதற்குச் சம்மதிக்கிறார்கள்.

எண் கணிதம் பார்த்துக் கூடுதல் எழுத்துப் போடலாமா?

நம்பிக்கை உங்களுடையது. ஒன்றே ஒன்று: ஆங்கிலத்தில் எண்ணுக்காக ஒரு எழுத்தைக் கூட்டினால் பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளி, பாஸ்போர்ட் என எல்லாவற்றிலும் அதே எழுத்துக்கூட்டல் வர வேண்டும். ஒன்றில் விட்டுப்போனால் பிள்ளை பெரியவனாகி அலைய நேரும். பத்தாம் வகுப்புச் சான்றிதழ் நேரத்தில் இதற்காக அழுத தாய்மார்களைப் பார்த்திருக்கிறேன்.

கிறிஸ்தவ, இஸ்லாமியக் குடும்பங்களிலும் இதே மாற்றம் உண்டா?

அப்படியே உண்டு. பழைய கத்தோலிக்கப் பெயர்கள் அழகானவை. பேதுரு இராயப்பன் ஆனார், பவுல் சின்னப்பன், யோவான் அருளப்பன், யோசேப்பு சூசை, சவேரியார் சவரிமுத்து, இக்னேஷியஸ் இன்னாசி. வேறு மண்ணிலிருந்து வந்த பெயர்களை நம் வாய்க்கு ஏற்ப உருட்டி எடுத்திருக்கிறார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் ஜான்சன், ஜெனிபர், ஷெரின். எங்கள் பக்கத்துத் தென்னிந்தியத் திருச்சபைக் குடும்பங்களில் தேவசகாயம், ஜெபராஜ், ஞானதாஸ் போய் ஜோயல், ஜெரின் வந்திருக்கின்றன. முஸ்லிம் வீடுகளில் நாகூர் கனி, பீர் முகமது, செய்யது அம்மாள் இருந்த இடத்தில் ரையான், ஆயிஷா, ஸாரா. ஊர் தர்காவின் பெயர் போய் உலகம் முழுக்கச் செல்லும் பெயர் வந்திருக்கிறது. இசக்கி போய் ஆத்விக் வந்ததும் இதே நகர்வுதான்.

யாழினி, ஆதிரா, கவின், ஆதன் எல்லாம் திடீரென்று எங்கிருந்து வந்தன?

வடமொழி ஓசையில் எல்லாப் பெயரும் ஒன்றுபோல ஒலிக்க ஆரம்பித்ததும், வேறுபட்டு நிற்கத் தமிழே வழியானது. ஹரிணி, தர்ஷினியில் பழகிய ‘னி’ ஓசை கெடாமலே யாழினி, மகிழினி, தமிழினி கிடைத்தன. அப்பாக்களுக்குத் தமிழ், அம்மாக்களுக்குப் புது ஓசை. இரண்டு பேருக்கும் சம்மதம். முன்பு ஊருக்கு வெளியே போனால் யாராலும் சொல்ல முடியாது என்று ‘ழ’வைத் தவிர்த்தார்கள். இப்போது அதே ‘ழ’வுக்காகவே பெயரைத் தேடுகிறார்கள்.

கீழடிக்கும் பங்கு உண்டு. அங்கே கிடைத்த பானையோடுகளில் தமிழ் பிராமியில் ஆதன், குவிரன் போன்ற பெயர்கள் கீறப்பட்டிருந்தன. தன் பானையில் தன் பெயரை எழுதி வைத்த ஒரு மனிதனின் பெயர் இரண்டாயிரம் வருடத்துக்கு மேல் தாண்டி வந்து மறுபடியும் புழங்குகிறது. பாரி, ஓரி, கபிலன், நன்னன் என்று சங்கப் பெயர்களும் கூடவே வருகின்றன. எனக்கு இதில் அளவில்லாத சந்தோஷம். ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன்: யாழினியும் சுரேஷ் போன வழியில்தான் போய்க்கொண்டிருக்கிறாள். யாரிடமும் இல்லாத பெயர் வேண்டுமென்று இன்று அதை எடுத்தால் எல்.கே.ஜி.யிலேயே இன்னும் இருவர் இருப்பார்கள்.

வெளிநாட்டுத் தமிழர்களிடம்?

ஈழத்தில் 1980, 90களில் ‘ஷன்’, ‘ஷிகா’ ஓசை பெரிய அலையாக இருந்தது. நிரோஷன், டிலக்ஷன், தர்ஷிகா என்று கேட்டாலே யாழ்ப்பாணத்துப் பிள்ளை என்று தெரியும்.

இன்னும் ஆச்சரியம் தென்னாப்பிரிக்கா. 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து முதல் ஒப்பந்தத் தொழிலாளர்களை டர்பனில் இறக்கியது. அதைத் தொடர்ந்து போனவர்களின் இட்ட பெயர்களே அங்கே குடும்பப் பெயர்களாக உறைந்துவிட்டன. முனுசாமி அங்கே ‘மூன்சாமி’. வீராசாமி, மாரிமுத்து, பெருமாள், ஆறுமுகம் எல்லாம் இன்றும் பள்ளிப் பதிவேடுகளில் இருக்கும் குடும்பப் பெயர்கள். நாம் இங்கே விட்டுவிட்ட பெயர்களைக் கடலுக்கு அப்பால் போனவர்கள் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள்.

குழந்தைக்கு இன்னும் பெயர் முடிவாகவில்லை. அவசரமா?

அவசரமில்லை. பெயர் இல்லாமலே பிறப்பைப் பதிவு செய்யலாம். ஒரு வருடத்துக்குள் கட்டணமின்றிப் பெயர் சேர்க்கலாம். அதன்பின் தாமதக் கட்டணத்துடன் 15 வருடம் வரை. பெரியவரான பிறகு பெயரை மாற்ற வேண்டுமானால் தமிழ்நாடு அரசிதழில் வெளியிட வேண்டும். முடிவு செய்யும் முன் வாசலில் நின்று தெருக்கோடிவரை கேட்கும்படி அந்தப் பெயரை ஒருதடவை கூப்பிட்டுப் பாருங்கள்.

தாத்தா பாட்டி பெயரை வைக்க ஆசை. பழசாக இருக்கிறதே என்று தயக்கமாகவும் இருக்கிறது. என்ன செய்ய?

பெயரின் பொருளைப் பிடித்துக்கொள்ளலாம். வேலம்மாள் வேல்விழி ஆனாள் ஒரு வீட்டில். பொன்னுச்சாமியின் பேரன் பொன்னன். ஆறுமுகத்தின் பேரனுக்குக் குகன். அப்படி வைத்தவர்கள் எல்லோரும் மனநிறைவோடு இருக்கிறார்கள்.

மாற்றாமலும் வைக்கலாம். என் மகனுக்குப் பெண் பிறந்தபோது நான் பத்துப் பெயர் எழுதிக் கொடுத்தேன், எல்லாம் இன்றைய பெயர்கள். மருமகள் அந்தக் காகிதத்தை மடித்து வைத்துவிட்டு, “கோமதின்னே வைக்கிறோம் அத்தை” என்றாள். இப்போது எல்.கே.ஜி. போகிறாள் குழந்தை. வகுப்பில் யாழினி மூன்று பேர், கோமதி ஒருத்திதான். சாயங்காலம் மருமகள் வாசலில் நின்று தெரு முழுக்கக் கேட்கும்படி “கோமதீ” என்று கூப்பிடும்போது, உள்ளே அடுப்படியில் நிற்கும் நானும் திரும்பிப் பார்க்கிறேன்.